கீச்சிடும் ஒளி

குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், கிளி மிழற்றும், ஆந்தை அலறும், கூகை குழறும், வண்டு முரலும், யானை பிளிறும். ஒலி மரபு என்னும் தலைப்பின்கீழ் இவற்றைக் கீழ்வகுப்புகளில் மனனஞ் செய்யாத தமிழ் மாணவர் இலர். ஒவ்வோர் உயிரின் குரலுக்கும் தனித்தனியே வினைச்சொல் வகுத்து வழங்கிய மொழி நம்முடையது. காகம் கூவியது என்றெழுதிய சிறுவனுக்கு அரைப்புள்ளி குறைக்கும் ஆசிரியர்கள் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் நீடு வாழ்க. இப்பட்டியலின் கடைக்கோடியிலே சிட்டுக்குருவிக்கும் அணிலுக்கும் உரியதாய் ஒரு சொல் ஒதுங்கிக் கிடக்கின்றது. அது கீச்சிடுதல் என்பது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் 'சேர்ப்' என்பதாகும்.

குருவிக்கும் அணிலுக்கும் உரிய இந்த எளிய சொல், இன்று ஒளியியல் நூல்களிலே பெருமிதத்தோடு வீற்றிருக்கின்றது. 'கீச்சிட்ட துடிப்பு' என்கின்றனர். 'கீச்சிட்ட ஆடி' என்கின்றனர். ஒரு துடிப்பிலே கீச்சு எவ்வளவு உண்டு என்று அளந்து இலக்கமும் தருகின்றனர். 2018 ஆம் ஆண்டிற்கான பௌதிகவியல் நோபெல் பரிசின் ஒரு பாதி, இச்சொல்லைத் தன் பெயரிலேயே கொண்ட ஒரு முறையைக் கண்டவர்களுக்கு வழங்கப்பட்டது. ஒளிக்கும் கீச்சுக்கும் என்ன உறவு?

இவ்வினாவை நமக்கு விடுத்தவர், இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவர். உயர்தர வகுப்பு வரை தமிழ்மொழி மூலம் பயின்று நல்ல பெறுபேறு பெற்றுச் சென்றவர். அங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்வன. "ஐயா, விரிவுரையில் இச்சொல் வந்தது. அகராதியைப் பார்த்தேன், குருவியின் சத்தம் என்றிருந்தது. இலேசர்க் கருவி இயங்கும்போது அவ்வாறு ஒரு சத்தம் எழும்போலும் என்றெண்ணி இரண்டு வாரம் இருந்துவிட்டேன். மற்றவர்களைக் கேட்கவும் கூச்சமாக இருந்தது" என்று எழுதியிருந்தார். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. சொல்லின் பொருள் விளங்காவிடினும் சமன்பாட்டை எழுதிப் புள்ளி பெற்றுவிடலாம். பலர் அவ்வாறே செய்கின்றனர். இவரோ பொருள் விளங்கவேண்டுமென்று விரும்பினார். அவருக்கு எழுதிய விடையையே சற்று விரித்து இங்கே தருகின்றோம். பிற வீடுகளிலும் இதே ஐயத்தோடு பிள்ளைகள் இருக்கக்கூடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுவோம். இலேசரிலிருந்து எவ்விதச் சத்தமும் எழுவதில்லை. கண்ணாடி இலேசர் ஒன்றின் செந்நிறத்திற்குக் கீழான ஒளி, செக்கனுக்கு ஏறத்தாழ 28 ஆயிரம் கோடி கோடித் தடவையில் பத்தாயிரத்திலொரு பங்கு, அஃதாவது 280 இலட்சம் கோடித் தடவை அதிர்கின்றது. மனிதச் செவி கேட்பதோ செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையிலுந்தான். எனவே ஒளியின் கீச்சு செவிக்குரியதன்று. அது ஓர் உவமைப் பெயர்.

உவமையின் அடிப்படை யாது? சிறு குருவி ஒன்று எழுப்பும் ஒரு தனிக் குரலைக் கூர்ந்து கேளுங்கள். அது ஒரே சுருதியில் நிற்பதன்று. கணப்பொழுதிற்குள் தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்திற்கோ, உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்கோ வழுகிச் செல்கின்றது. நாதசுரக் கலைஞர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றிற்கு இடைவெளியின்றி இழைந்து செல்வதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்த இழைவைக் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் நிகழ்த்தினால் அதுவே கீச்சு. சுருங்கச் சொன்னால், குறுகிய காலத்துள் மீடிறன் தொடர்ச்சியாக ஏறும் அல்லது இறங்கும் துடிப்பையே அறிவியலார் இப்பெயரால் வழங்குகின்றனர். பூச்சிகளை வேட்டையாடும் சிறு வௌவால்களிற் பல, இருளிலே எதிரொலி கொண்டு வழியறிவதற்கு மீடிறன் விரைந்திறங்கும் இத்தகைய துடிப்புகளையே எழுப்புகின்றன. அவை நம் செவிக்கு எட்டாதன.

வௌவாலுக்குத் தெரிந்திருந்த உபாயத்தை மனிதன் அறிந்தது றேடாரின் மூலமாகும். இவ்வரலாறு சுவையானது, இதனை விட்டுவிட்டு ஒளிக்குச் செல்லல் இயலாது.

றேடாரின் இடர்ப்பாடு இது. தொலைவிலுள்ள விமானத்தில் தெறித்து மீளும் அலை நம்மை வந்தடையவேண்டுமாயின், அனுப்பும் துடிப்பில் மிகுந்த சத்தி இருத்தல் வேண்டும். அருகருகே பறக்கும் இரு விமானங்களை இரண்டெனப் பிரித்தறியவேண்டுமாயின், துடிப்பு மிகக் குறுகியதாய் இருத்தல் வேண்டும். குறுகிய துடிப்பிலே மிகுந்த சத்தியை அடைக்கப் புகுந்தாலோ அனுப்பும் வால்வு தாங்காது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய சிட்னி டார்லிங்டன் என்பார் 1949 ஆம் ஆண்டிலே இதற்கொரு வழி கூறினார். துடிப்பை நீளமாகவே அனுப்புக. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை அதன் மீடிறனைப் படிப்படியாக மாற்றுக. மீண்டு வரும் அலையை, முன்னே வந்த மீடிறனைத் தாமதப்படுத்திப் பின்னே வரும் மீடிறனை விரைந்து விடும் ஒரு சுற்றினூடு செலுத்துக. அப்போது முன்னதும் பின்னதும் ஒருங்கே வந்து கூட, நீண்ட துடிப்பு குறுந்துடிப்பாய் ஒடுங்கிவிடும். வால்வும் பிழைக்கும், விமானங்களும் பிரிந்து தோன்றும்.

அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பேர்னாட் ஒலிவர் 1951 இல் இம்முறை பற்றி ஓர் உள்ளகக் குறிப்பு எழுதினார். 'வெடியோசையோடன்று, கீச்சோடு' என்பது அதன் தலைப்பு. ஆங்கிலக் கவிதை பயின்றவர்கள் அதிலே ஒரு குறும்பைக் காண்பர். ஒரே வெடியாய்ச் சத்தியைக் கொட்டாமல், குருவிபோல் இழைத்து அனுப்புகின்றோம் என்பது கருத்து. அன்று விளையாட்டாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. 1960 இல் அம்முறையின் கோட்பாட்டை விரித்து வெளியான நெடிய கட்டுரையிலும் அப்பெயரே இடம்பெற்றது. அதே 1960 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள், கலிபோர்ணியாவில் தியோடர் மேமன் என்பவர் மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதலாவது இலேசர் ஒளியை எழுப்பினார். கீச்சும் இலேசரும் ஒரே ஆண்டில் உலகுக்கு அறிமுகமாயின எனினும், அவையிரண்டும் கைகோக்க மேலும் கால் நூற்றாண்டு சென்றது.

ஒருநிறமா, பலநிறமா?

இலேசர் ஒளி ஒருநிற ஒளி என்று நம் பாடநூல்கள் கூறுகின்றன. அது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் ஒளியிலே மீடிறன் ஒன்றேயாயின், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடமேது? கீச்சு எங்ஙனம் உண்டாகும்? நம் மாணவரின் இரண்டாவது ஐயம் இதுவாகும். இதனை விளக்காமல் கீச்சின் இலக்கணத்தை மட்டும் எழுதிப்போடும் நூல்கள் மீது நமக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு.

தம்பூராவையும் கைத்தட்டலையும் எண்ணிப் பாருங்கள். தம்பூரா இடையறாது ஒலிப்பது. ஆதலால் அதன் சுருதி திட்டமானது. கைத்தட்டல் கணத்தில் முடிவது. அது எந்தச் சுருதி என்று எந்த வித்துவானாலும் கூறமுடியாது. அதனுள்ளே பல சுருதிகள் கலந்துள்ளன. நெடிது நீடிக்கும் அலைக்கே ஒற்றை மீடிறன் வாய்க்கும். குறுகுந்தோறும் பல மீடிறன்கள் அதனுட் புகும். இஃது அலைகள் யாவற்றுக்கும் பொது விதி. இடையறாது ஒளிரும் இலேசர் தம்பூரா போன்றது. மிகக் குறுகிய துடிப்புகளாய் ஒளியை வீசும் இலேசர் கைத்தட்டல் போன்றது. ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கோடியாய் வகுத்ததில் ஒரு பங்கு நீடிக்கும் துடிப்பை, 100 பெம்டோசெக்கன் துடிப்பு என்பர். 800 நனோமீற்றர் அலைநீளத்தைச் சுற்றி இத்தகைய துடிப்பொன்றை ஆக்குவதற்கு, குறைந்தது 10 நனோமீற்றர் வரையிலான அலைநீள வீச்சு வேண்டியிருக்கும். அந்நேரத்தில் ஒளி செல்லும் தூரம் ஒரு மில்லிமீற்றரில் நூற்றிலே மூன்று பங்கு. தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. வானூடு பறந்து செல்லும் ஒரு மெல்லிய ஒளித்தாள் என்று அதனைக் கற்பனை செய்யலாம்.

இனிக் கீச்சின் பொருளுக்கு வருவோம். ஏழு சுரங்களையும் ஒரே கணத்தில் ஒருங்கே இசைத்தால் எழுவது ஓர் அடி. அவற்றையே சட்சம் முதல் நிடாதம் வரை ஒன்றன்பின் ஒன்றாய் இழைத்தால் எழுவது ஆரோகணம். இரண்டிலும் உள்ள சுரங்கள் ஒன்றே. வேறுபாடு ஒழுங்கில் மட்டுமே. கீச்சில்லாத துடிப்பிலே எல்லா மீடிறன்களும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே கணத்தில் உச்சம் அடைகின்றன; ஆதலால் அத்துடிப்பு தனக்கு இயலுமட்டும் குறுகியதாய் உள்ளது. கீச்சிட்ட துடிப்பிலோ அவை வரிசையாய் நிற்கின்றன. செந்நிறப் பக்கத்து மீடிறன் முன்னும் நீலப் பக்கத்து மீடிறன் பின்னுமாய் நின்றால் மீடிறன் ஏறுகின்றது. மாறி நின்றால் இறங்குகின்றது. ஆகவே துடிப்பிலே பல நிறங்கள் உள்ளன என்பது மட்டும் கீச்சு ஆகாது. அந்நிறங்கள் காலத்தால் வரிசைப்பட்டுள்ளன என்பதே கீச்சு. பரீட்சைக்குச் செல்லும் மாணவர் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தையே.

இவ்வரிசையை உண்டாக்குவது அரிதன்று. கண்ணாடியினூடு செந்நிற ஒளி நீல ஒளியினும் சற்றே விரைந்து செல்கின்றது. அரியம் வெள்ளொளியைப் பிரிப்பதும் இதனாலேயே. குறுந்துடிப்பொன்றை நீண்ட கண்ணாடியிழைக்குள் விட்டால், ஒன்றாய்ப் புறப்பட்ட ஓட்டக்காரர்கள் சில கட்டை தாண்டியதும் முன்னும் பின்னுமாய்ப் பிரிவதுபோல, நிறங்கள் பிரிந்து நிற்கும், துடிப்பும் நீளும். மீண்டும் அவற்றைக் கூட்டவேண்டுமாயின் முந்தியவரைச் சுற்றுவழியிலும் பிந்தியவரைக் குறுக்குவழியிலும் அனுப்பவேண்டும். நுண்ணிய வரிகள் நெருக்கமாய்க் கீறப்பட்ட இரு தட்டுகளை எதிரெதிரே நிறுத்தினால் அவை இதனைச் செய்யும் என்று 1969 இல் திறேசி என்பார் காட்டினார். தட்டுகளில் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு கோணத்தில் திரும்புவதால், செந்நிறத்தின் பாதை நீண்டும் நீலத்தின் பாதை குறுகியும் அமைகின்றன.

தன்னையே எரித்துக்கொண்ட ஒளி

இலேசர்த் துடிப்பின் வலுவைப் பெருக்குவதற்கு, அதனைப் பொருத்தமான கண்ணாடியினூடோ பளிங்கினூடோ செலுத்திச் சத்தியை ஏற்றுவது வழக்கம். இவ்வாறு ஏற்றிக்கொண்டு சென்றபோது 1970களிலே ஒரு மதில் குறுக்கிட்டது. ஒளிச்செறிவு மிகும்போது கண்ணாடியின் முறிவுச் சுட்டி சிறிதே கூடுகின்றது. கற்றையின் நடுப்பகுதியிற் செறிவு அதிகம்; ஆகவே அங்கே சுட்டியும் அதிகம். இதனால் தட்டையான கண்ணாடி ஒரு குவிவில்லைபோல் ஒழுகத் தொடங்கிக் கற்றையை நடுவே குவிக்கின்றது. குவிந்ததும் செறிவு கூடுகின்றது. செறிவு கூடியதும் மேலும் குவிகின்றது. ஈற்றிலே ஒளியானது தன்னை வளர்க்கும் கண்ணாடியையே துளைத்துவிடுகின்றது. இதனைத் தவிர்ப்பதற்குக் கற்றையை அகலமாக்கினர், கண்ணாடிகளையும் அகலமாக்கினர், இலேசர்கள் பெருங் கட்டடங்களாயின. செல்வம் மிக்க நாடுகளின் பெருநிறுவனங்களன்றி வேறெவரும் அவற்றை எண்ணிப்பார்க்கவும் முடியவில்லை.

அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்சியரான ஜெரார் மூரு என்னும் பேராசிரியர், றேடாரைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட அறிவியற் கட்டுரையொன்றிலிருந்து தூண்டுதல் பெற்றார் என்று நோபெல் நிறுவனத்தார் எழுதியுள்ளனர். ஞாயிறு மலர்களில் எழுதும் எம்போன்றோருக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை வாசகர் மன்னிப்பாராக. றேடாரின் வால்வுக்கு நேர்ந்த இடரே இலேசரின் கண்ணாடிக்கும் நேர்ந்துள்ளது. மருந்தும் ஒன்றாகலாம் அன்றோ? அவரிடம் கலாநிதிப் பட்டத்திற்காக ஆய்வு செய்துகொண்டிருந்த டொனா ஸ்ட்ரிக்லண்ட் என்னும் கனேடியப் பெண் அதனைச் செய்து காட்டும் பொறுப்பை ஏற்றார்.

முறை மூன்று படிகளைக் கொண்டது. துடிப்பை முதலிற் கீச்சிடச் செய்து நீட்டு; நீண்டதால் மெலிந்து நிற்கும் அத்துடிப்பிலே சத்தியை ஏற்று; பின் கீச்சைக் களைந்து சுருக்கு. ஒடுங்கிய மரப்பாலம் ஒன்றிலே பெருங்கூட்டம் ஒருங்கே ஏறினால் பாலம் முறியும். ஒருவர்பின் ஒருவராய்ச் சென்றால் பாலமும் நிற்கும். நடுவிலே நிற்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொதியைக் கொடுத்தும் அனுப்பலாம். அக்கரையிலே எல்லாரும் பொதிகளோடு மீண்டும் கூடலாம். சொல்வதற்கு எளிது. இழையில் நீட்டிய வரிசையும் தட்டுகளிற் சுருக்கும் வரிசையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்வதிலேயே உழைப்பெல்லாம் அடங்கியிருந்தது.

ஸ்ட்ரிக்லண்டுக்கு வந்துசேர்ந்த புதிய கண்ணாடியிழை 2.5 கிலோமீற்றர் நீளமானது. ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது மறுமுனையில் ஒன்றும் வரவில்லை. இழை நடுவே முறிந்திருந்தது. பெரும்பாடுபட்டு மீட்ட 1.4 கிலோமீற்றரோடு அவர் அமைதியடைய வேண்டியதாயிற்று. அதுவே போதுமாகவும் இருந்தது. ஏறத்தாழ 300 பிக்கோசெக்கன் நீண்ட துடிப்பை, சத்தி ஏற்றியபின் 2 பிக்கோசெக்கனாகச் சுருக்கினர். அஃதாவது 9 சென்ரிமீற்றர் நீளமான ஒளித்துண்டு அரை மில்லிமீற்றரிலும் சற்றே மிகுந்த துண்டாயிற்று. அதிலிருந்த சத்தி ஒரு மில்லியூல் அளவினது; ஒரு கிராம் திணிவைப் பத்துச் சென்ரிமீற்றர் உயர்த்துவதற்குப் போதுமான அற்பத் தொகை. அதனை 2 பிக்கோசெக்கனுக்குள் வெளிவிட்டால் வலு 50 கோடி உவாற்று. மேசை ஒன்றின் மேல் அடங்கும் கருவியிலிருந்து இது வந்தது. 1985 இல் வெளியான அவ்வாய்வுக் கட்டுரை ஸ்ட்ரிக்லண்ட் எழுதிய முதலாவது கட்டுரையாகும்.

முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னர் அக்கட்டுரைக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பரிசின் மறுபாதியைப் பெற்றவர், ஒளியாற் பொருள்களைப் பற்றிப்பிடிக்கும் வித்தையைக் கண்ட ஆதர் ஆஷ்கின். பௌதிகவியலில் இப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் ஸ்ட்ரிக்லண்ட். மரீ கியூரி 1903 இலும் மரியா கோப்பர்ட் மேயர் 1963 இலும் பெற்றனர். அதன்பின் 55 ஆண்டு எவருமிலர். 2020 இலும் 2023 இலும் மேலும் இருவர் பெற்றுள்ளனர். பௌதிகவியல் ஆண்பிள்ளைகளின் பாடம் என்று கூறி மகளை வேறு துறைக்குத் திருப்பும் பெற்றோர் நம்மிடையே இன்னும் சிலர் உளராதலின் இதனைக் குறிப்பிட்டோம்.

இம்முறையின் வளர்ச்சியை நோக்கினால் மலைப்பே உண்டாகின்றது. ருமேனியாவின் மகுரேலே நகரிலுள்ள இலேசர் நிலையம் 2019 இல் 10 பெற்றாவாற்று வலுவை எய்தியது. ஒன்றின்பின் பதினாறு பூச்சியம் இட்ட உவாற்று. ஆனால் அத்துடிப்பிலுள்ள மொத்தச் சத்தி 240 யூல் அளவினதே. 60 உவாற்று மின்குமிழ் ஒன்று நான்கு செக்கன் எரிவதற்கே அது காணும். சத்தி வேறு, வலு வேறு என்று வகுப்பிலே எத்தனை முறை கூறினாலும் மனத்திற் பதியாத வேறுபாடு, இந்த ஓர் எடுத்துக்காட்டாற் பதிந்துவிடுகின்றது.

கண்ணுக்குக் கிடைத்த பயன் வேறு வகையானது. மூரு பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் காப்புக் கண்ணாடியைச் சற்றே உயர்த்திய வேளையில், வழிதவறிய துடிப்புகள் அவர் கண்ணுட் பாய்ந்தன. அவரைப் பரிசோதித்த கண் மருத்துவத்துறையின் இளம் மருத்துவர் றொன் கேர்ட்ஸ், விழித்திரையிலிருந்த காயங்களைக் கண்டு வியந்தார். வழமையான இலேசர்க் காயத்தைச் சுற்றிக் காணப்படும் கருகல் அங்கே இல்லை. ஊசியாற் குத்தியதுபோல் அவை மிகத் தூய்மையாய் இருந்தன. துடிப்பு மிகக் குறுகியதாதலால், வெப்பம் அயலிலே பரவுமுன் அது முடிந்துவிடுகின்றது. காயப்படுத்திய கருவியே கத்தியாகுமோ என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. பார்வைக் குறையைத் திருத்தும் சத்திரசிகிச்சையிலே அதன் மேற்புறத்தில் மெல்லிய மடலொன்றை வெட்டித் திறப்பர். முன்னர் இதற்கு நுண்கத்தி ஒன்றே கருவி. இன்று பெம்டோசெக்கன் துடிப்புகளைப் படலத்தினுள்ளே குறித்த ஆழத்திற் குவித்து, நுண்ணிய குமிழிகளை வரிசையாய் உண்டாக்கி, கத்தியின்றியே மடலைப் பிரிக்கின்றனர். மேற்பரப்பு தீண்டப்படாமலே உட்புறம் வெட்டப்படுகின்றது. மடலைத் திறந்தபின் படலத்தைச் செதுக்கி வடிவமைப்பது வேறோர் இலேசர். அது புறஊதா ஒளியினது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் விளம்பரங்களிலே காணப்படுவதால் இதனையும் சொல்லிவைத்தோம். அத்துடன் ஓர் எச்சரிக்கை. சந்தையிலே விளையாட்டுப் பொருளாய் விற்கப்படும் இலேசர்ச் சுட்டிகளை ஒருவர் கண்ணிலே ஒருவர் பாய்ச்சி விளையாடும் சிறுவரைப் பெற்றோர் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும். அவற்றிலே கீச்சுமில்லை, மருத்துவமுமில்லை. விழித்திரையைச் சுடும் ஆற்றல் சிலவற்றில் உண்டு.

ஒரே சொல் ஓரிடத்தில் மருந்தாகவும் பிறிதோரிடத்தில் நோயாகவும் வழங்குவதை இனிக் காண்க. நமது தீவிற்குக் கடலடியாக வரும் கண்ணாடியிழைகளிலே செய்திகளைச் சுமந்துவருவது குறைகடத்தி இலேசர்களின் ஒளி. இத்தகைய இலேசரின் மின்னோட்டத்தை ஏற்றியிறக்கித் துடிப்புகளை உண்டாக்கினால், ஓட்டம் மாறுந்தோறும் அதன் முறிவுச் சுட்டியும் மாறி, ஒவ்வொரு துடிப்பிலும் மீடிறன் சற்று வழுகிவிடுகின்றது. வேண்டாத இக்கீச்சு, நெடுந்தூரம் செல்லும்போது துடிப்புகளை நீட்டி ஒன்றோடொன்று கலக்கச் செய்யும். ஆகவே தொலைத்தொடர்புப் பொறியியலாளர் 'கீச்சு' என்றால் முகஞ்சுளிப்பர். அதனைக் களைய இலேசரை ஒரே சீராய் ஒளிரவிட்டு, அதற்கு வெளியே வேறொரு கருவியால் ஒளியைத் திறந்து மூடுவர். ஒரு நூலிற் கீச்சைப் புகழ்ந்தும் இன்னொன்றில் இகழ்ந்தும் இருப்பதைக் கண்டு மாணவர் மயங்க வேண்டியதில்லை.

'கீச்சிட்ட ஆடி' என்பது மேலும் ஒரு படி தாண்டிய வழக்கு. பல மென்படைகளை அடுக்கி ஆக்கிய ஆடியிலே, படைகளின் தடிப்பு மேலிருந்து உள்ளே செல்லச் செல்ல மாறிச் செல்லும். அதனால் ஒரு நிறம் மேற்புறத்திலும் மற்றொரு நிறம் ஆழத்திலும் தெறிக்கின்றன. 1994 இல் அங்கேரிய, ஒஸ்திரிய அறிஞர்கள் இதனை வெளியிட்டனர். இங்கே காலத்தோடு மாறுவது எதுவுமில்லை, இடத்தோடு மாறுகின்றது. காலத்துக்குரிய சொல் இடத்துக்கு ஆகி வந்துள்ளது. ஆகுபெயர் கற்றவர்க்கு இது புதிதன்று.

விண்ணிலும் இச்சொல் ஒலித்தது. 2015 செப்ரெம்பர் 14 ஆம் நாள், நான்கு கிலோமீற்றர் நீளக் குழாய்களில் இலேசர் ஒளியை ஓடவிட்டுக் காத்திருந்த அமெரிக்க நிலையங்கள் இரண்டும், 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி மோதிய ஈர்ப்பலையைப் பதிந்தன. செக்கனுக்கு 35 அதிர்விலிருந்து 250 அதிர்வு வரை, ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்குக்குள் அது ஏறி ஓய்ந்தது. அந்த அதிர்வு எண்கள் செவிக்கு எட்டுவன. அதனை ஒலியாக மாற்றிக் கேட்டவர்கள், உவமை இங்கே உவமையாயில்லாமல் உண்மையாகவே ஆகிவிட்டதைக் கண்டனர்.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? மீடிறன், முறிவுச் சுட்டி, அவத்தை முதலிய சொற்களை நமக்கு ஆக்கித் தந்த பெரியோர் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. ஆங்கில ஒலியை அப்படியே 'சேர்ப்' என்று எழுதலாம் என்பாருளர். அச்சுக்கோப்பவர் ஓர் உகரம் கூட்டிவிட்டால் 'சேர்ப்பு' ஆகிவிடும்; பழைய இலக்கியம் பயின்றவர்க்கோ நெய்தல் நிலத்துச் சேர்ப்பன் நினைவுக்கு வருவான். 'மீடிறன் வழுகல்' என்பது பொருளைச் சரியாகத் தருவது. ஆனால் 'மீடிறன் வழுகலுற்ற துடிப்பின் விரியலாக்கம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவர் அதனைக் கைவிடுவர். 'சிலம்பல்' என்பது செவிக்கு இனியது. எனினும் எதிரொலித்தலையும் அது குறிக்குமாதலால் ஒலியியலில் இடர் விளைக்கும். 'கீச்சு' என்பதே நமக்கு உவப்பானது. ட்விட்டர் தளத்திலே எழுதப்பட்ட சிறுசெய்திகளுக்கு இளைஞர் சிலர் அப்பெயரை முன்னரே எடுத்துக்கொண்டனர் என்பது மெய். அத்தளமோ 2023 இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டு குருவியைப் பறக்கவிட்டுவிட்டது.

மீடிறன் ஏறுவதை ஏறுகீச்சு என்றும், இறங்குவதை இறங்குகீச்சு என்றும் கூறலாம். கண்ணாடியிழை தந்தது ஏறுகீச்சு, வரித்தட்டுகள் அதனைக் களைந்தன, வௌவாலினது இறங்குகீச்சு, கருந்துளைகளினது ஏறுகீச்சு.